பச்சை வலைக்கு வெளியே

ஏப்ரல் கடைசி வாரம். கத்திரி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது என்கிறது காலண்டர். வேலூர் அதற்கெல்லாம் காத்திருக்கும் ஊரில்லை. சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகள் பகலில் வாங்கி வைத்த சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கின்றன. விடிகாலைக் காற்றிலேயே குளிர்ச்சி இல்லை.

பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஒரு நர்சரி. அதற்குப் பக்கத்தில் டீக்கடை. டீக்கடை முன்னால் ஒரு வேப்பமரம், அதன் அடியில்தான் டவுன் பஸ் நிற்கும். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தால் நர்சரி முழுக்கத் தெரியும், பேசுவதும் காதில் விழும். டீ குடிக்கிற ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நர்சரி இரண்டு பாகம். பின்பக்கம் சவுக்குக் கம்பு நட்டு, மேலே பச்சை வலை இழுத்துக் கட்டியிருக்கிறது. முன்பக்கம், ரோட்டைப் பார்த்த பகுதி, வெட்டவெளி. வலையின் நிழல் முடிகிற இடத்தில் தரையில் ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு உள்ளே ஓசூர் ரோஜா, பெங்களூரிலிருந்து வந்த சாமந்தித் தொட்டி, ஆந்தூரியம், குளிர்காலத்தில் விற்றது போக மிஞ்சி இளைத்துக் கிடக்கும் பெட்டூனியா. கோட்டுக்கு வெளியே காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி, அடினியம், மயிற்கொன்றை, மல்லி, டேபிள் ரோஸ் என்று எல்லோரும் சொல்லும் பத்துமணிப் பூ. கோட்டின் மேலேயே, பாதி நிழலும் பாதி வெயிலுமாக, கனகாம்பர வரிசை. எந்தச் செடி வெயில் தாங்கும் என்று இதற்கு மேல் ஒரு போர்டு எழுதி மாட்ட வேண்டியதில்லை.

ஆனால் வருகிற எவரும் வெளியே நிற்பதில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நேராக வலைக்கு அடியில் போய்விடுகிறார்கள். அங்கேதான் நிற்க முடிகிறது. தாங்கள் நிற்கும் இடத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

கடைக்காரம்மா புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார், தலையில் துண்டு. கையில் ஓஸ். குழாயைத் திறந்ததும் செடிக்குக் காட்டவில்லை. முதல் தண்ணீரைச் சும்மா தரையில் விடுகிறார். வெயிலில் கிடந்த ஓஸுக்குள் தங்கிய தண்ணீர் கை சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். இன்னொரு கையை நீட்டிப் பார்த்து, சூடு போன பிறகுதான் வேருக்குக் காட்டுகிறார். இலை மேலே ஒரு சொட்டு இல்லை. இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள யாரும் அங்கே நின்றதாகத் தெரியவில்லை.

ஒன்பதே காலுக்கு ஒரு கார் வந்தது. இளம் தம்பதி, பின் சீட்டில் ஒரு அம்மா. புது வீடு போலிருக்கிறது, பேச்சில் 'டைல்ஸ்' இரண்டு தரம் வந்துவிட்டது.

"மாடியில வெக்கணும்க்கா. ஃபுல் வெயில். எப்பவும் கலர் கலரா இருக்கணும்."

அந்தப் பெண் போனை நீட்டினாள். கடைக்காரம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"லேவண்டரு. இங்க வராதும்மா."

"ஆன்லைன்ல விதை விக்கறாங்களே?"

"விதை விப்பாங்க."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. ஓஸை அடுத்த வரிசைக்கு இழுத்துப் போட்டார்.

கணவன் அதற்குள் சாமந்தியிடம் போய்விட்டான். மஞ்சள், ஊதா, வெள்ளை என்று தொட்டி கொள்ளாமல் பூ. சாமந்தி பகல் குறுகும் பருவத்தில் மொட்டு கட்டுகிற செடி. கோடையிலும் பூக்க வேண்டும் என்றால் வளர்ப்பவர்கள் சாயங்காலமே கறுப்புத் துணி போர்த்தி, ராத்திரி நீண்டுவிட்டது என்று அதை நம்பவைப்பார்கள். ஏமாந்து பூத்த பூ லாரி ஏறி வேலூர் வந்திருக்கிறது. "இப்ப இருக்கற பூ முடிஞ்சா முடிஞ்சுது சார். அடுத்த பூவு பனிக்காலத்துலதான்" என்று கடைக்காரம்மா ஒரு தரம் சொன்னார். ஒரே ஒரு தரம். கேட்பவனுக்கு அது போதும், கேட்காதவனிடம் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்ற கணக்காக இருக்கலாம். அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

பிறகு அவரே அவர்களைக் கோட்டுக்கு வெளியே கூப்பிட்டார். நித்தியகல்யாணியைக் காட்டினார். வெள்ளை, ரோஸ், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்தது, சிமெண்ட் நிறத்துக்கு நெருங்கிய ஒரு புது ஊதா. "இது மாடிக்கு நல்லா வரும். தண்ணி கொறச்சலா ஊத்தினா போதும். அதிகமா ஊத்தினாத்தான் அழுகும்."

பின் சீட்டு அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "சுடுகாட்டுப் பூவ கொண்டாந்து புது வூட்ல வெக்கறதா?"

நித்தியகல்யாணி அங்கேயே முடிந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்து, தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்திலெல்லாம் தானே முளைத்துப் பூத்துக் கிடந்ததுதான் அது செய்த குற்றம். யாரும் போகாத இடம் என்றால் நம் ஊரில் அது சுடுகாடு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் வின்கிரிஸ்டின் மருந்தை இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அது வரலாம், வாசலுக்குக் கூடாது.

அடுத்து காகிதப்பூ. ரோட்டோரம் அது இலை தெரியாமல் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தால் பூ என்று நாம் நினைக்கிற மூன்று மெஜந்தா இதழ்களும் நிறம் மாறிய இலைகள்தான். அவற்றின் நடுவே தீக்குச்சியை விட மெல்லிய குழல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளை நட்சத்திரம், அதுதான் பூ. பூ உதிர்ந்தாலும் அந்த இலைகள் நாள்கணக்கில் வாடாமல் நிற்கும். அதனால்தான் இந்த வெயிலில் இவ்வளவு நிறம். 1767இல் பிரேசிலில் ரியோ பக்கம் பிலிபேர் கொமெர்சோன் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டு, தன் கப்பல் தலைவர் பூகன்வீலின் பெயரைச் சூட்டினார். தண்ணீரைக் குறைத்தால் பூக்கும், கொட்டினால் இலை மட்டும் விடும். மாடிக்கு இதைவிடப் பொருத்தமான செடி அந்த நர்சரியில் இல்லை.

"முள்ளுச் செடி வூட்டுக்கு ஆவாது" என்றார் அம்மா.

கடைசியில் அவர்கள் எடுத்தது நான்கு ஓசூர் ரோஜா, இரண்டு சாமந்தி. ரோஜாவுக்கு முள் உண்டு என்பதை அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை. "எடுத்தும் போனவுடனே வெயில்ல வெச்சிடாதீங்க. பத்து நாளு காலை வெயில் மட்டும் காட்டுங்க. கருப்பு கவர தரை மேல வெக்காதீங்க, அடியில செங்கல்லு வெய்யிங்க, வேர் வெந்துடும்" என்று கடைக்காரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே காரில் ஏசி ஓடத் தொடங்கிவிட்டது. கண்ணாடி ஏறியது.

பத்து மணி ஆகப் போகிறது. டேபிள் ரோஸ் தட்டுகளில் அசைவு. வந்தபோது எல்லாம் முறுக்கிய திரியாகத்தான் இருந்தன, நிறம் மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. ரோட்டை ஒட்டிய தட்டில் முதலில் ஒன்று, அதன் பக்கத்தில் இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. இலை என்று பேருக்கு ஒரு குட்டிக் குழாய், உள்ளே முழுக்கத் தண்ணீர். அதற்கு மேல் மெல்லிசான இதழ்கள், வெயில் ஊடுருவித் தெரியும் அளவுக்கு. நடுவில் மஞ்சள் கம்பிகள். ஒரு கொசுத்தேனீ இறங்கியதும் அந்தக் கம்பிகள் அசைகின்றன, காற்று இல்லாதபோதும். வலை நிழல் லேசாகத் தொட்ட கடைசித் தட்டு மட்டும் இன்னும் திறக்கவில்லை. அதே செடி, அதே மண். மூன்றடி தள்ளி நிழல், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு குட்டியானை வண்டி வந்து பின்னால் திரும்பி நின்றது. ரோட்டு நடுவே செடி வைக்கிற கான்ட்ராக்ட் ஆள். சாமந்தியையும் பார்க்கவில்லை, ரோஜாவையும் பார்க்கவில்லை. "அரளி எவ்ளோ இருக்குது?" என்றார். கிட்டத்தட்ட இருந்ததெல்லாம் வண்டியில் ஏறியது. அவருக்குப் பூ தேவையில்லை. ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது, லாரி விடுகிற அனலில் காயக் கூடாது, எதிர்வண்டி வெளிச்சத்தை ராத்திரியில் மறைக்க வேண்டும், தண்ணீர் லாரி ஒரு வாரம் வராவிட்டாலும் நிற்க வேண்டும். பூப்பது அரளியின் சொந்த விருப்பம். அன்று காலை அங்கே வந்தவர்களில் செடியின் பூவைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்து வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கத் தோன்றியது.

வண்டி கிளம்பிய இடத்துக்கு ஒரு ஆட்டோ வந்தது. வேட்டி கட்டிய பெரியவர், கூடவே மருமகள், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. பெரியவர் கேட்ட கேள்வியே வேறாக இருந்தது.

"மேற்குப் பக்கம் காம்பவுண்டுச் சுவரு. பதினோரு மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் நேரா அடிக்கும். சுவரும் சுடும். பூஜைக்குச் செவப்புப் பூ வேணும். எது நிக்கும்?"

கடைக்காரம்மா ஓஸைக் கீழே போட்டுவிட்டு வந்தார். நல்ல கேள்விக்கு அந்த மரியாதை உண்டு.

"செவ்வரளிதான் சார் நிக்கும். இப்பத்தான் ஏத்தி அனுப்பினேன். நாலு செடி எடுத்து வெச்சிருக்கறேன்."

பெரியவருக்கு முகம் மலர்ந்தது. மருமகள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"மாமா, அரளி வேணாம். இவன் எதைப் பார்த்தாலும் வாயில வெக்கறான்."

"அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் இருந்துது."

"இருக்கட்டும் மாமா."

அவள் குரலை உயர்த்தவில்லை. பெரியவரும் அதற்கு மேல் பேசவில்லை. அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத்தைத் தொடும் விஷம். அவருக்கும் அது தெரியும்.

"அப்ப இட்லிப்பூ" என்றார் கடைக்காரம்மா. "கொத்துக் கொத்தா செவப்பா வரும். கொழந்தைங்க தேனு உறிஞ்சினாலும் ஒண்ணும் ஆவாது. உங்க வூட்ல இன்னா தண்ணி?"

"போர் தண்ணி. பக்கெட்ல வெள்ளையா படியும்."

கடைக்காரம்மா உச்சுக்கொட்டினார். இட்லிப்பூவுக்கு, பழைய பேரில் சொன்னால் வெட்சிக்கு, வெயில் பெரிய எதிரி இல்லை, உப்புத் தண்ணீர்தான். மண்ணில் சுண்ணாம்பு ஏற ஏற வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். வீட்டில் உள்ளவர்கள் வெயிலில் வெந்துவிட்டது என்று இன்னும் ரெண்டு குடம் அதே தண்ணீரை ஊற்றுவார்கள். பாலாற்றுப் படுகை வறண்ட பிறகு போர் ஆழமாகப் போன வீடுகளில் இந்தக் கூத்தை நிறையப் பார்க்கலாம். வெயில் தாங்கும் செடி எது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்று கடைக்காரம்மா கேட்ட பிறகுதான் அந்தக் கேள்விக்கு உருப்படியான பதிலே கிடைக்கிறது.

"செம்பருத்தி எடுங்க. நாட்டு செம்பருத்தி, ஒத்தை அடுக்கு. ஐப்ரிட்டு வேணாம், அது பூவு பெருசு, உசுரு சின்னது. மாவுப்பூச்சி வரும், வராதுன்னு சொல்ல மாட்டேன். தண்ணிய வேகமா அடிச்சிக் கழுவி விடுங்க, வேப்பெண்ணெய் அடிங்க."

"சுவர்கிட்ட தாங்குமா?"

"சுவர விட்டு ரெண்டடி தள்ளி வெய்யிங்க. மண்ணு மேல காஞ்ச எலை போட்டு மூடுங்க. மொதல் கோடை மட்டும் பார்த்துக்குனா போதும். ஆனா ஒண்ணு சார், இப்ப வெக்கறத விட ஆடி முடிஞ்சி மழை எறங்கினப்புறம் வெச்சா நல்லது."

"அப்ப இப்ப எதுக்கு விக்கறீங்க?" பெரியவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"நீங்க இப்பத்தான வந்தீங்க."

மூன்று செம்பருத்தி. மருமகள் குழந்தையின் கைக்கு எட்டாதபடி கவரை ஆட்டோவின் பின்னால் வைக்கச் சொன்னாள். விஷம் இல்லாவிட்டாலும்.

அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. நர்சரி வேலிக்குப் பின்னால், யாருக்கும் சொந்தமில்லாத கரம்பில், ஆவாரை பூத்துக் கிடந்தது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். தண்ணீர் ஊற்றினவர் இல்லை, உரம் வைத்தவர் இல்லை, வலை கட்டினவரும் இல்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டத் தேடிப் போய் ஒடித்து வருவார்கள், மற்றபடி இதை ஒரு பூச்செடி என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தெலங்கானாக்காரர்கள் இதைத் தங்கள் மாநிலப் பூவாக வைத்திருக்கிறார்கள். நர்சரியில் விலைக்கு இல்லை. கேட்டால் கடைக்காரம்மா சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பதினொன்றுக்குப் பிறகு ஒரு ஆயா வந்தார். டவுன் பஸ்ஸில் இறங்கி, துணிப்பையோடு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து. வலைக்கு அடியில் போகவில்லை. கோட்டுக்கு வெளியே, வெயிலிலேயே குந்திவிட்டார்.

"இன்னா ஆயா, உள்ள வா, நெழல்ல ஒக்காரு."

"நீ வேலையப் பாரு."

ஆயா பூவைத் தொடவே இல்லை. இலையைத்தான் தொட்டார். மல்லிச் செடியில் ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார், பூச்சி இருக்கிறதா என்று. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினார். பக்கத்தில் மிச்சமிருந்த அரளியின் இலையைத் தடவினார், தோல் மாதிரி தடிப்பு. அந்த இலையின் அடியில் மூச்சுத் துளைகள் சின்னக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும், குழி வாயில் மயிர் அடைத்திருக்கும், உள்ளே இருக்கிற ஈரம் சட்டென்று வெளியேறாது. வாடாமல்லியில் இலை மேலேயே மெல்லிய மயிர். அடினியத்தில் அடித்தண்டு புடைத்து, தண்ணீர்த் தொட்டி வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆயாவுக்கு இந்த விவரமெல்லாம் வேண்டியதில்லை. விரலுக்குத் தெரிகிறது.

பிறகு மல்லிக் கவர் ஒன்றைத் தூக்கி அடியைப் பார்த்தார். ஓட்டை வழியே வேர் வெளியே வந்து சுருண்டு காய்ந்திருந்தது. கீழே வைத்துவிட்டார். அடுத்ததன் மண்ணைக் கட்டை விரலால் அழுத்தினார். விரல் இறங்கவில்லை.

"இது கடியத்து மண்ணா?"

"அதுங்க உள்ள இருக்குது ஆயா. இது ராமநாதபுரத்து நாத்து. நம்ம மண்ணுலதான் போட்டேன், தண்ணி காட்டி நேரமாச்சி, அதான்."

ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியம் நர்சரிகளிலிருந்து லாரி லாரியாகச் செடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. களிமண் உருண்டையில் வேர் பிடித்திருக்கும், பயணத்துக்கு அது நல்லது. வீட்டில் வைத்த பிறகு அந்த உருண்டை கோடையில் காய்ந்து இறுகினால் தண்ணீர் உள்ளே போகாமல் சுற்றிக்கொண்டு வழியும், மேல்மண் ஈரமாக இருக்க நடுவில் செடி தாகத்தில் சாகும். ஆயா எங்கே பட்டுத் தெரிந்துகொண்டாரோ.

ஒரு பூ கூட இல்லாத மல்லிச் செடியைத்தான் கடைசியில் எடுத்தார். குட்டை, நாலு பக்கமும் கிளை, கிளை நுனியில் கடுகளவு மொட்டு. மல்லிக்கு மாசியில் பிடித்து ஆனி வரை சீசன், வெயில் ஏற ஏறத்தான் அது அள்ளிக் கொட்டும். கார்த்திகையில் வெட்டி விட்டால் அடுத்த கோடைக்குத் தயார். மாடி வீட்டுத் தம்பதி இதைத் தாண்டித்தான் சாமந்திக்குப் போனார்கள். பகல் வெளிச்சத்தில் மல்லிச் செடி வெறும் பச்சை. படத்தில் எடுபடாது.

பேரம் நடந்தது. கடைக்காரம்மா சொன்னதில் ஆயா பாதி கேட்டார், முக்காலில் முடிந்தது. காசை முந்தியில் அவிழ்த்து எண்ணிக் கொடுத்துவிட்டு, டேபிள் ரோஸ் தட்டுக்கு எதிரே போய் நின்றார். வண்டியில் அரளி ஏற்றியபோது யாரோ மிதித்து ஒடிந்த துண்டுகள் தட்டுக்குக் கீழே கிடந்தன.

"இத எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. காசா கேக்கப் போறேன்?"

விரல் நீளத் துண்டுகள். வெயிலில் ஒரு மணி நேரமாகக் கிடந்தும் வாடவில்லை. மண்ணில் செருகினால் போதும், ஒரு வாரத்தில் வேர் விடும். ஆயா சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறத்துக்கு நிறம் பொறுக்கினார். பூவைப் பார்த்து அவர் எடுத்தது அது மட்டும்தான், அதுவும் இனாமாக.

பஸ் வந்தது. முன் படியில் ஆயா ஏறினார், ஒரு கையில் மல்லிக் கவர், இன்னொரு கையில் பை. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஆயா, உனக்குத்தான் டிக்கெட் ஃப்ரீ. செடிக்கு லக்கேஜ் போடணும்."

"போடு. செடியும் பொம்பளதான்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், ஆயாவின் பை வாயில் நீட்டிக்கொண்டிருந்த துண்டுகளைப் பார்த்து நிறுத்தினார்.

"இது அந்தப் பத்துமணிப் பூதான? எங்க வூட்லயும் தொட்டி வாங்கி வெச்சோம். எல வருது, பூவே வர்ல."

"எங்க வெச்சிருக்கற?"

"மாடிப் படிக்குக் கீழ. வெயில்ல வாடிடப் போவுதுன்னு."

ஆயா சீட்டில் உட்கார்ந்து, மல்லிக் கவரைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"நீ போய் படிக்குக் கீழ ஒக்காரு. தொட்டிய எடுத்து வெளிய வெய்."